சப்வூஃபர் வந்தும் ஸ்பீக்கர் ஏன் திணறுகிறது?

கேள்வி: வால்பாறையில் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறேன். ஆறரை இஞ்ச் வூஃபர் உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கரும், சேனலுக்கு 40 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் வைத்திருக்கிறேன். கேட்பது பெரும்பாலும் இளையராஜா. வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. ஜூன் பிறந்து தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டால் பாட்டு காதில் விழ வால்யூமை ஏற்றியாக வேண்டியிருக்கிறது. ஏற்றினால், டிரம் விழும்போதெல்லாம் பாடுபவர் குரல் நசுங்கிக் கரகரக்கிறது. சப்வூஃபர் சேர்த்தால் சின்ன ஸ்பீக்கரின் சுமை குறையும் என்றார்கள். பத்து இஞ்ச் சப்வூஃபர் ஒன்று வாங்கி, ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே அதற்கும் இணைப்புக் கொடுத்தேன். பேஸ் நன்றாகக் கூடிவிட்டது. குரல் நசுங்குவது மட்டும் துளியும் குறையவில்லை. வாட்ஸ் போதவில்லையா? மலை மேல் காற்று லேசாக இருப்பதால் இப்படியா? இன்னொன்று: சப்வூஃபர் சத்தத்துக்கு யானை வரும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
வாசகர், வால்பாறை

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று கேள்வி, போதாக்குறைக்கு யானை வேறு. ஆனால் உங்கள் கண்டுபிடிப்பு துல்லியமானது. ‘பேஸ் கூடியது, குரல் நசுங்குவது குறையவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, பலரும் அந்த இரண்டாவது பாதியைக் கவனிப்பதே இல்லை. புதுப் பெட்டி வந்த சந்தோஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

முதலில், உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனையில் உள்ள பிசகைப் பார்த்துவிடலாம். சப்வூஃபரைச் சேர்த்ததும் சுமை தானாகப் பிரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி நடப்பதில்லை. உங்கள் சப்வூஃபருக்குள்ளேயே தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரிலிருந்து நீங்கள் கொடுத்திருக்கும் இணைப்புக்கு ‘ஹை-லெவல் இன்புட்’ என்று பெயர். அதாவது, ஸ்பீக்கருக்குப் போகும் வலுவான சிக்னலையே தொட்டுப் பார்த்து, அதில் பேஸை மட்டும் தனக்கு எடுத்துக்கொள்ளும் வழி. தொட்டுப் பார்க்கிறது என்பதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் ஸ்பீக்கரின் மின்தடை சுமார் 8 ஓம். சப்வூஃபரின் இந்த நுழைவாயிலோ ஆயிரக்கணக்கான ஓம். அது ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுக்கும் மின்சாரம் கணக்கில் வராத அளவு. ஸ்பீக்கருக்குப் போவது முன்பு எப்படிப் போனதோ அப்படியே, அடி பேஸ் முதல் உச்ச ஜலதரங்கம் வரை, முழுதாகப் போய்க்கொண்டிருக்கிறது. அறையில் ஒரு சப்வூஃபர் வந்து உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

நம்பிக்கை வராவிட்டால் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றுங்கள். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து வூஃபரின் கோனை, அதாவது அந்தக் காகிதக் கூம்பைப் பாருங்கள். பேஸ் டிரம் விழும் ஒவ்வொரு முறையும் அதன் விளிம்பு மங்கலாகத் தெரியும் அளவுக்கு முன்னும் பின்னும் பாயும். இப்போது சப்வூஃபரை அணைத்துவிட்டு அதே பாட்டை அதே வால்யூமில் போடுங்கள். கோன் அதே அளவுதான் பாயும்.

வாட்ஸ் போதவில்லையோ என்ற சந்தேகத்துக்கு வருவோம். பாதி உண்மை. காது கேட்கும் சத்தத்தை டெசிபல் என்ற அளவால் சொல்கிறோம். 3 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு பவர் தர வேண்டும். 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு. வெயில் காலத்தில் 2 வாட்டில் நிம்மதியாகப் பாடிய பாட்டை மழைக்காக 10 டெசிபல் ஏற்றினால் 20 வாட் ஆகிறது. நடுவில் ஒரு டிரம் அடி வந்தால் அந்த ஒரு நொடியின் சிறு பங்குக்கு மட்டும் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். உங்கள் 40 வாட் அங்கே முட்டி நின்றுவிடும். அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். இதற்கு ‘கிளிப்பிங்’ என்று பெயர். கரகரப்பில் ஒரு பங்கு இதனால் வருவதுதான்.

அப்படியானால் 80 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால்? மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: வெறும் 3 டெசிபல் கிடைக்கும். அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் மழையே நின்றுவிடும். அதோடு, கூடுதல் பவரைக் கொண்டுபோய்க் கொட்டுவது ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அதே ஆறரை இஞ்ச் கோனின் மேல்தான்.

மலைக் காற்று விஷயம் சுவையானது. வால்பாறை சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கோன் தள்ளுவது காற்றைத்தான். எனவே காற்று லேசானால் அதே சத்தத்துக்குக் கோன் கொஞ்சம் கூடுதலாக நகர வேண்டும். அந்த ‘கொஞ்சம்’ ஒரு டெசிபல்கூட இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பு உங்களுக்கு இருக்கலாம், ஸ்பீக்கருக்கு இல்லை. குற்றவாளிப் பட்டியலிலிருந்து காற்றை எடுத்துவிடலாம்.

இனி உண்மையான காரணம். ஒரு ஸ்பீக்கர் குறிப்பிட்ட சத்தத்தைத் தர அதன் கோன் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. அதிர்வெண் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, அலகு ஹெர்ட்ஸ். அதிர்வெண் பாதியானால் கோனின் நகர்வு நான்கு மடங்காகும். இரண்டு மடங்கு அல்ல, நான்கு. இந்த ஒரு விதியில்தான் உங்கள் கேள்வியின் விடை அடங்கியிருக்கிறது. உங்கள் ஆறரை இஞ்ச் வூஃபர் ஒன்று, மூடிய பெட்டியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தர வேண்டுமானால் 160 ஹெர்ட்ஸில் கோன் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். 80 ஹெர்ட்ஸில் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 40 ஹெர்ட்ஸில் ஐந்தரை மில்லிமீட்டர் முன்னே, அதே அளவு பின்னே. இந்த அளவு வூஃபரில் நல்ல தயாரிப்புகளே ஒழுங்காக நகரக்கூடிய எல்லை ஏறக்குறைய இதுதான்.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? கோனின் பின்னால் ‘வாய்ஸ் காயில்’ என்று ஒரு செம்புக் கம்பிச் சுருள், காந்தத்தின் ஒரு குறுகிய இடுக்கில் ஏறி இறங்குகிறது. அதிகம் பாயும்போது சுருளின் ஒரு பகுதி இடுக்கைவிட்டு வெளியே வந்துவிடும். காந்தத்தின் பிடி அங்கே தளர்கிறது. இப்போது நினைத்துப் பாருங்கள்: அதே கோன்தான், அதே நேரத்தில், ஜானகியம்மாவின் குரலையும் தந்துகொண்டிருக்கிறது. டிரம் அடிக்குக் கோன் எல்லை வரை போய் நிற்கும் அந்தக் கணத்தில் குரலுக்கான நுண்ணிய அசைவு சரியாக நடக்காது. ஒரே ஆளின் தலையில் தேயிலை மூட்டையை ஏற்றி, கையில் ஊசியைக் கொடுத்து நூல் கோக்கச் சொல்வது போன்ற வேலை இது. டிரம் தாளத்துக்கே குரல் நசுங்குகிறது என்று நீங்கள் எழுதியது இதனால்தான். ‘இண்டர்மாடுலேஷன்’ என்பார்கள்; ஒரு சுரம் இன்னொரு சுரத்தைக் கலைத்துவிடும் பிழை.

இன்னும் ஒரு தொந்தரவு சூடு. பவர் ஏற ஏற வாய்ஸ் காயில் சுடும். செம்பு 100 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். கூடினால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து இழுக்கும் பவர் குறையும், சத்தம் மந்தமாகும், நீங்கள் இன்னும் கொஞ்சம் வால்யூமை ஏற்றுவீர்கள்.

உங்கள் ஸ்பீக்கரின் முன்புறமோ பின்புறமோ வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறதா? அது ‘போர்ட்’. பெட்டிக்குள் இருக்கும் காற்றையும் பேஸுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் குழாய். அது ஒத்திசையும் அதிர்வெண் வரை நன்றாக உதவும். அதற்குக் கீழே போனால் கோனைப் பின்னாலிருந்து தாங்க எதுவும் இராது. பெட்டியே இல்லாத ஸ்பீக்கர்போல வெறுமனே படபடக்கும். காதுக்குப் பெரிதாக ஒன்றும் கேட்காது, கோன் மட்டும் பாய்ந்துகொண்டிருக்கும். கடையில் தட்டிப் பார்த்து வாங்குபவர்களுக்கு இது தெரிவதேயில்லை.

‘ஆனால் எனக்கு நல்ல பேஸ் கேட்டதே, ஸ்பீக்கர் தந்ததுதானே’ என்று கேட்பீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் மேலேயே 82, 123 என்று துணை அதிர்வுகள் வரிசையாக நிற்கும். அந்தத் துணை அதிர்வுகள் மட்டும் காதில் விழுந்தாலே, அடியில் இருக்க வேண்டிய 41ஐ மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். டீக்கடை டிரான்சிஸ்டரிலும் இளையராஜாவின் பேஸ் வரிகளை நாம் முணுமுணுக்க முடிந்தது இதனால்தான். ஆக, சின்ன ஸ்பீக்கர் அடி பேஸைத் தர முயன்று படும் பாட்டில் பெரும் பகுதி நமக்குக் கேட்பதுகூட இல்லை.

எனவே மருந்து என்ன? சப்வூஃபர் பாதி மருந்து. சின்ன ஸ்பீக்கருக்குப் பேஸ் போகாமல் தடுப்பது மீதிப் பாதி, முக்கியமான பாதி. தடுக்கும் சாதனத்துக்கு ‘ஹை-பாஸ் ஃபில்டர்’ என்று பெயர்: குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ளதை மட்டும் விடும் வடிகட்டி. அதற்கு நேர்மாறான ‘லோ-பாஸ் ஃபில்டர்’ உங்கள் சப்வூஃபருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் ‘கிராஸ்ஓவர்’. நீங்கள் செய்திருப்பது சப்வூஃபருக்கு வரப்பு போட்டுவிட்டு, ஸ்பீக்கர் பக்கம் வரப்பே போடாமல் விட்டது.

இந்தச் சங்கதி உங்கள் பக்கத்து மைக் செட்காரர்களுக்கு அத்துபடி. அடுத்த கோயில் நோம்பியில் மேடைப் பக்கம் போய்ப் பாருங்கள். கீழே பெரிய பேஸ் பாக்ஸ்கள், மேலே ‘டாப்’ என்று சொல்லும் சின்னப் பெட்டிகள். நடுவில் ஒரு கிராஸ்ஓவர் பெட்டி சிக்னலை முதலிலேயே இரண்டாகப் பிரித்து, தனித்தனி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். டாப்புக்குப் பேஸ் ஒரு சொட்டும் போகாது. போனால் ராத்திரி முடிவதற்குள் கோன் கிழிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டு ஹை-ஃபை ரசிகர்கள் பலர் ‘வடிகட்டினால் சுத்தம் போய்விடும்’ என்ற ஆசாரத்தில் இதைத் தவிர்க்கிறார்கள். இந்த விஷயத்தில் என் ஓட்டு மைக் செட்காரருக்குத்தான்.

வடிகட்டி எவ்வளவு கூர்மையாக வெட்டுகிறது என்பதை ‘ஆக்டேவுக்கு இத்தனை டெசிபல்’ என்று சொல்வார்கள். ஆக்டேவ் என்றால் நம் ஸ்தாயி. ஒரு ஸ்தாயி இறங்கினால் அதிர்வெண் பாதி. 1976இல் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் என்ற பொறியாளர், ஹியூலெட்-பேக்கர்டில் உடன் பணியாற்றிய ரஸ் ரைலியோடு சேர்ந்து உருவாக்கிய வடிகட்டி வகை இன்று எங்கும் பயன்படுகிறது. அதன் பரவலான வடிவம் ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும். அதை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், முன்பு 40 ஹெர்ட்ஸில் ஐந்தரை மில்லிமீட்டர் பாய்ந்த கோன் இப்போது மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான் அசையும். அந்தப் பேஸைத் தரப்போகும் உங்கள் பத்து இஞ்ச் சப்வூஃபருக்கோ அதே சத்தத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் போதும். பரப்பு பெரிது என்பதால் கிடைக்கும் லாபம் இது.

இனி உங்கள் வீட்டு வேலை. ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று இரண்டு ஜோடித் துளைகள் இருந்து, அவற்றை U வடிவ உலோகக் கொக்கிகள் இணைத்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இது உண்டு. செட்டை அணைத்துவிட்டு அந்தக் கொக்கிகளை உருவுங்கள். ப்ரீ அவுட்டிலிருந்து சப்வூஃபரின் ‘லைன் இன்’னுக்கு ஒரு கேபிள். சப்வூஃபரில் ‘லைன் அவுட்’ இருந்தால், பல மாடல்களில் அது பேஸ் வடிகட்டப்பட்ட சிக்னலாகவே வெளியே வரும். கையேட்டில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மெயின் இன்னுக்கு இன்னொரு கேபிள். முடிந்தது.

சப்வூஃபரில் அந்த வசதி இல்லையா? ப்ரீ அவுட்டிலிருந்து மெயின் இன்னுக்குப் போகும் வழியில் சேனலுக்கு ஒரு கெப்பாசிட்டர் வைத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். சிக்னல் அளவிலான சின்ன உருப்படி, விலை அற்பம், நல்ல எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் அரை மணியில் முடித்துவிடுவார். மெயின் இன்னின் மின்தடை 47 கிலோ ஓம் என்றால் 0.047 மைக்ரோஃபாரட், 22 கிலோ ஓம் என்றால் 0.1 மைக்ரோஃபாரட். இரண்டிலும் வெட்டு 72 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். இது ஆக்டேவுக்கு 6 டெசிபல் மட்டுமே வெட்டும் சாதுவான வடிகட்டி. ஆனாலும் 40 ஹெர்ட்ஸில் கோனின் பாய்ச்சல் பாதிக்குப் பாதி குறையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படி வடிகட்டி வைத்துவிட்டு, சப்வூஃபரைப் பழையபடி ஸ்பீக்கர் ஒயரிலேயே விட்டுவிடாதீர்கள். வடிகட்டிய சிக்னலைத்தான் அதுவும் பெறும்; பேஸ் இருவருக்கும் இல்லாமல் போய்விடும். சிக்னல் முதலில் பிரிய வேண்டும், பிறகுதான் வடிகட்ட வேண்டும்.

அந்தத் துளைகளே உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒயரிலேயே பெரிய கெப்பாசிட்டர் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். 8 ஓமுக்கு 80 ஹெர்ட்ஸில் வெட்ட சுமார் 250 மைக்ரோஃபாரட் வேண்டும். கணக்கு சரிதான், ஆனால் ஸ்பீக்கரின் 8 ஓம் என்பது பெயருக்குத்தான். பேஸ் பகுதியில் அது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் பல மடங்கு ஏறி இறங்கும். நினைத்த இடத்தில் வெட்டு விழாது. அதைவிட, கிராஸ்ஓவர் வசதியுள்ள ஏவி ரிசீவர் ஒன்றைப் பழைய சாமானாக வாங்குவது மேல். அதன் மெனுவில் ஸ்பீக்கர் ‘லார்ஜ்’ஜா ‘ஸ்மால்’லா என்று கேட்கும். ‘ஸ்மால்’ என்று போட்டு 80 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஆசையாய் வாங்கிய ஸ்பீக்கரைச் சின்னது என்று சொல்வதா என்று ரோஷப்பட்டு லார்ஜ் போடுபவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்வி அந்தஸ்தைப் பற்றியது இல்லை. பேஸை இங்கேயே வைத்துக்கொள்ளவா, சப்வூஃபருக்கு அனுப்பவா என்பதே அதன் அர்த்தம். ரிசீவர் வடிகட்டுகிறது என்றால் சப்வூஃபரின் கிராஸ்ஓவர் குமிழை முழுக்க மேலே திருப்பிவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு வடிகட்டி வேண்டாம்.

அடுத்தது பொருத்தும் பக்குவம். மழையில்லாத ஒரு சாயங்காலமாகப் பார்த்துச் செய்யுங்கள். தகரக் கூரையின் இரைச்சலில் எந்தக் காதும் சரியாகத் தீர்ப்புச் சொல்லாது. சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு வேடிக்கையான வழி உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பேஸ் சுரங்கள் எல்லாம் ஒரே சீராகக் கேட்கும் இடம் எதுவோ அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் நாற்காலிக்குத் திரும்பலாம். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை.

இது பலிப்பதற்குக் காரணம் அறைதான். 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் அலை சுவருக்குச் சுவர் முட்டி நின்றுவிடும். சுவரோரம் அந்தச் சுரம் வீங்கியும், நட்டநடுவில் காணாமலும் போகும். நாற்காலி அறையின் சரி மையத்தில் இருந்தால் எந்த சப்வூஃபர் வாங்கியும் அந்தச் சுரம் வராது. இரண்டடி நகர்த்திப் போடுங்கள். மூலையில் வைத்தால் சத்தம் மிகும், குழப்பமும் மிகும்.

பிறகு ‘ஃபேஸ்’ சுவிட்ச். சப்வூஃபரும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் காற்றைத் தள்ளுகின்றனவா, ஒன்று தள்ள மற்றது இழுக்கிறதா என்பது இதன் பொருள். போன் செயலி ஒன்றிலிருந்து 80 ஹெர்ட்ஸ் சுரத்தை ஓடவிட்டு, சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அது சரி. கடைசியாக சப்வூஃபரின் அளவுக் குமிழ். பெரும்பாலோர் இதைக் கூட்டியே வைப்பார்கள். சப்வூஃபர் இருப்பது தெரியாமல், அணைத்தால் மட்டும் ஏதோ குறைவது தெரிய வேண்டும். அந்த அளவு போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், சரியாக வைத்தால் பேஸும் அந்தச் சின்ன ஸ்பீக்கர்களிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

மழை விட்டதும் வால்யூமைக் குறைத்தால் பேஸ் திடீரென்று மெலிந்துவிட்டதுபோல் இருக்கும். செட் மேல் குற்றமில்லை. மெல்லிய சத்தத்தில் மனிதக் காதுக்குப் பேஸ் குறைவாகவே கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வுக்கூடத்தில் அளந்து 1933இலேயே சொல்லிவிட்டார்கள். அப்போது சப்வூஃபரின் குமிழைச் சற்று ஏற்றுவதில் தப்பே இல்லை.

தகரக் கூரையும் ஜன்னல் கம்பியும் ஏதோ ஒரு சுரத்துக்குச் சேர்ந்து பாடினால், அதே செயலியில் 30இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் தகரம் கிடுகிடுக்கிறதோ அங்குள்ள திருகாணியைத் தேடி ரப்பர் வாஷர் போடுங்கள். லைன் வீடுபோலப் பொதுச் சுவர் உள்ள வீடு என்றால் இன்னும் ஒன்று: குரல் சுவரில் தடைபடும், பேஸ் தடைபடாது. பாட்டு என்னவென்றே தெரியாமல் வெறும் ‘தும் தும்’ மட்டும் கேட்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர்மேல் கொஞ்சம் இரக்கம் வையுங்கள். யானைக் கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனாலும் அவர் வாயில் வந்ததில் ஒரு விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது. கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் போர்ட்லண்ட் உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே இருந்தபோது, காதுக்குக் கேட்காத ஒரு துடிப்பை உடலில் உணர்ந்தார். 1986இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி அந்த அழைப்புகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காதின் கீழ் எல்லை 20 ஹெர்ட்ஸ் என்று பொதுவாகச் சொல்வதால், யானைப் பேச்சில் ஒரு பகுதி நமக்குக் கேட்காத இடத்தில் நடக்கிறது. உங்கள் பத்து இஞ்ச் சப்வூஃபர் அந்த ஆழத்துக்கு வலுவோடு இறங்காது. நீங்கள் கேட்கும் பாட்டுகளிலும் அவ்வளவு கீழே அநேகமாக ஒன்றும் இல்லை. வால்பாறையில் யானை தேடி வருவது ரேஷன் கடை அரிசியையும் சத்துணவுக் கூடத்தையும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். கவலை வேறு இடத்தில். மழையும் பேஸும் சேர்ந்து முழங்கும் வீட்டுக்குள் இருப்பவருக்கு வாசலில் நடப்பது கேட்காது. யானை நடமாட்டத்தை எஸ்எம்எஸ் மூலமும் சிவப்பு விளக்கு மூலமும் தெரிவிக்கும் ஏற்பாடு உங்கள் ஊரில் இருக்கிறது. அதை உருவாக்கிய நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. பாட்டுக் கேட்கும் நேரத்தில் அந்தச் செய்தி வரும் போனைச் சைலண்டில் போடாமல் இருந்தால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் கொட்டும் மழையில் கரகரப்பு மிச்சமிருந்தால், அது ஆம்ப்ளிஃபயரின் கிளிப்பிங். பேஸின் பளு ஸ்பீக்கர் பக்கம் இல்லாததால் 40 வாட் முன்பைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் வரம்பு வரம்புதான். அந்தக் கட்டத்தில் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் கூரை. தகரத்துக்குக் கீழே ஜிப்சம் போர்டு சீலிங் அடித்து, நடுவில் கண்ணாடிக் கம்பளி நிரப்பினால் மழைச் சத்தம் கணிசமாக அடங்கும். தெர்மோகோல் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். எடையில்லாத பொருள் சத்தத்தைத் தடுக்காது.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோனைச் சுற்றி இருக்கும் வளையம் ஃபோம் என்றால் உங்கள் ஊர் ஈரத்தில் அது சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரும். ரப்பர் என்றால் நீடிக்கும். காகிதக் கோனில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தினம் கொஞ்ச நேரமாவது செட்டை ஓடவிடுங்கள். இடி இடிக்கும்போது சப்வூஃபரின் பிளக்கை உருவிவிட வேண்டும். ஸ்டாண்ட்-பையில் விடுவது போதாது, சுவர் சுவிட்சை அணைப்பதும் போதாது.